செவிலிக்கு ஒரு செவிலி

செவிலியர் பணியில் மேற்பார்வை என்பது எவ்வாறு தோன்றியது, எவ்வழியே வளர்ந்தது என்பதைப் பற்றி இன்று பேச முற்படுகிறேன். பொருள் வறண்டது என்று எண்ணி மாணவ மாணவியர் சிலர் வானொலியின் ஒலியைக் குறைத்துவிடக்கூடும். அருள்கூர்ந்து சற்றுப் பொறுங்கள். ஒரு விரலின் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் வசிக்கும் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்தபின், ஒரகடத்துக்கு முன்னால் இருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த வட்டாரம் இது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் அடர்ந்துவிட்டன. நள்ளிரவிலும் ஷிப்டு மாறும் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செவிலியாகவும், பின்னர்ச் செவிலியர்க்கு ஆசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றபின், நான் இங்கே வந்து குடியமர்ந்தேன்.

என் தங்கையின் மகள் இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில், முதலுதவி அறையில் இரவு நேரச் செவிலியாகப் பணியாற்றுகிறாள். ஒருநாள் காலை, வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். “பெரியம்மா, இந்த வேலை எனக்கு வேண்டாம்” என்றாள். நடந்தது இதுதான். மூன்று நாட்களுக்கு முன், இரவு இரண்டு மணிக்கு, ஓர் இளைஞனின் ஆள்காட்டி விரல் இயந்திரத்தில் நசுங்கித் துண்டாகிவிட்டது. அவள் கட்டுப்போட்டு, இரத்தப்போக்கை நிறுத்தி, துண்டான பகுதியை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, இளைஞனோடு ஆம்புலன்சில் அனுப்பினாள். ஆயினும் விரலை மீண்டும் பொருத்த முடியவில்லை என்று மறுநாள் செய்தி வந்தது. காலையில் அலுவலர் ஒருவர் அவளை அழைத்தார். எத்தனை கட்டுத்துணிகள் செலவாயின, பதிவேட்டில் நேரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். “பனிக்கட்டியில் வைத்ததுதான் தப்பா பெரியம்மா? என்னால்தான் அந்தப் பையனுக்கு விரல் போயிற்றா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். மூன்று இரவுகள் அவள் உறங்கவில்லை.

அவள் செய்ததில் பிழை இல்லை. துண்டான பகுதியைப் பனிக்கட்டி நேரே தொட்டால் தசை கெட்டுவிடும், அவள் தொடவிடவில்லை. கத்தியால் வெட்டுண்ட விரல் வேறு, இயந்திரத்தில் நசுங்கிய விரல் வேறு. நசுங்கியதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்துபோவதால், எவ்வளவு செவ்வையாகப் பாதுகாத்து அனுப்பினாலும் பெரும்பாலும் ஒட்டவைக்க இயலாது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. இந்த இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஓர் ஆள் இல்லாமல், நன்றாகப் பயின்ற ஒரு பெண் தன் தொழிலையே விட்டுவிடத் துணிந்தாள்.

ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் ஆலைகளில் முதலுதவிக்கென்று தனி அறை இருக்க வேண்டும், அது மருத்துவப் பணியாளர், செவிலியர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. தொழிலாளர் நலனுக்கு அது ஒரு பெரிய வெற்றி. அறைக்கு அளவு உண்டு. வைத்திருக்க வேண்டிய கருவிகளுக்குப் பட்டியல் உண்டு. ஆனால் அவ்வறையில் தனித்திருக்கும் செவிலியின் வேலையை, அவ்வேலை தெரிந்த ஒருவர் உடனிருந்து பார்ப்பதும், பேசுவதும், தேற்றுவதும் எவர் கடமை? அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். நான் கண்டவற்றுள் சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

வரலாறு எங்கள் சாலையின் மறுகோடியிலேயே தொடங்குகிறது. வாலாஜாபாத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. வேதம் பயிலும் மாணவரும் கோயிற் பணியாளரும் நோயுற்றால் தங்கிச் சிகிச்சை பெறப் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று அங்கே நடந்ததாக அக்கல்வெட்டு கூறுகிறது. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர் என்று வரிசையாகச் சொல்லி, மருந்து காய்ச்சிக் கொடுத்து நோயாளரைப் பேணும் பெண்கள் இருவரையும் குறிப்பிடுகிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல் அளந்திருக்கிறார்கள். இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் வழி செய்திருக்கிறார்கள்.

தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் காஞ்சிபுரத்துச் சீமையில் கூலி பெற்று நோயாளரைப் பேணிய அந்த இரு பெண்களின் பெயர்களை நாம் அறியோம். பதினைந்து நோயாளிகளுக்கு இருவர் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இக்காலத்துப் பல வார்டுகளைவிட அது மேலானது! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சிறிய சாலையில் எல்லாரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி இருந்தனர். அருகில் வைத்தியர், அடுத்த கட்டிலருகே தோழி. மேற்பார்வைக்கென்று தனி ஆளைத் தேடவேண்டிய நிலை அங்கே எழவில்லை. மருத்துவமனை நூற்றுக்கணக்கான கட்டில்களாகப் பெருகிய பின்னரே அந்தத் தேவை பிறக்கிறது.

‘செவிலி’ என்னும் சொல்லையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நாம் நர்ஸ் என்னும் சொல்லுக்கு ஈடாக இன்று வழங்கும் இச்சொல், சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கும். அவள் பெற்ற தாய் அல்லள், தோழியின் தாய். தலைவியின் நடையிலும் முகத்திலும் சிறு மாற்றம் தோன்றினாலும் முதலில் ஐயுறுபவள் அவளே. அவள் காவல் கடுமையானது. ஆயினும் அந்தக் காவலில் பாசம் உண்டு. மணம் முடிந்தபின் தலைவியின் புதுமனைக்குச் சென்று, அவள் சமைப்பதையும் கணவன் உண்டு மகிழ்வதையும் கண்டு, திரும்பி வந்து நற்றாயிடம் சொல்பவளும் செவிலியே. வீட்டுக்குச் சென்று பார்ப்பது, குறை தேடாமல் நிலை அறிவது, அறிந்ததைச் சொல்வது ஆகிய இம்மூன்றும் இன்றைய மேற்பார்வைச் செவிலியின் கடமைகளாகப் பாடநூல்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்பாடநூல்களை எழுதியவர்கள் அகநானூற்றைப் படித்திருக்க மாட்டார்கள்.

இனிக் கடல் கடந்து செல்வோம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாத மாணவர் இல்லை. 1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது 38 பெண்களுடன் ஸ்குட்டாரி நகருக்குச் சென்றார்; இரவில் விளக்கேந்தி வார்டுகளைச் சுற்றிவந்தார். அந்த விளக்கைக் கருணையின் சின்னமாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கருணை உண்மைதான். ஆனால் அது மேற்பார்வையின் விளக்கும்கூட. இரவு எட்டு மணிக்குமேல் தம்மைத் தவிர வேறு பெண் எவரும் வார்டுக்குள் இருக்கக்கூடாது என்று அவர் விதித்திருந்தார். அக்காலத்தில் நர்ஸ் என்றால் குடிப்பவள், ஒழுக்கம் கெட்டவள் என்னும் அவப்பெயர் இருந்தது. அதைத் துடைக்காமல் தொழிலை உயர்த்த முடியாது. ஆகவே மேற்பார்வை முதலில் ஒழுக்கக் காவலாகவே பிறந்தது.

1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அம்மையாரின் பெயரால் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் அணியில் 15 மாணவியர். மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மாள் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் ஓர் அறிக்கைத் தாளை நிரப்புவார். ஒரு பக்கம் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை முதலிய குணங்கள். மறுபக்கம் புண்ணுக்குக் கட்டுப்போடுதல், படுக்கை அமைத்தல் போன்ற திறமைகள். கட்டங்கள் நிரம்பிய அத்தாள்கள் ஆண்டுதோறும் அழகாகச் சேர்ந்தன. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அம்மையார் உடல்நலக் குறைவாலும் வேறு பணிகளாலும் தொலைவிலிருந்தே அவற்றை நம்பினார்.

பின்னர் நேர்ந்ததே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. 1872-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பள்ளியின் நிலையைத் தாமே ஆராயப் புகுந்தார். நடக்க வேண்டிய விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவில்லை. மாணவியர் கற்பதைவிட ஊழியம் செய்வதே அதிகமாயிருந்தது. தாள்களில் இதெல்லாம் தெரியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? மாணவியரையும் செவிலியரையும் ஒவ்வொருவராகத் தம் வீட்டுக்கு அழைத்து உரையாடலானார். அவர்களுடைய நாட்குறிப்புகளைப் படித்தார். மாணவியர் விடுதியில் அவர்களுடனேயே தங்கிப் பாடத்தைத் தெளிவிக்கும் ‘இல்ல ஸிஸ்டர்’ என்னும் பதவி பள்ளியில் இடம்பெற்றது. 1872 முதல் 1900 வரையில் பல ஆண்டுகள் மாணவியர்க்குப் பொதுக்கடிதமும் எழுதிவந்தார். இவ்வாறு, கண்காணிப்பு என்பது கட்டம் நிரப்புவதிலிருந்து உட்கார்ந்து கேட்பதற்கு நகர்ந்தது. ஆனால் அவருடைய பள்ளியில் பயின்று உலகெங்கும் சென்ற மேட்ரன்கள் தம்முடன் எடுத்துச் சென்றது பெரும்பாலும் அந்தத் தாளைத்தான்!

சென்னைக்கும் அது வந்தது. சென்னையில் மருத்துவச்சிகளுக்கு அரசினர் பயிற்சி 1854-இலேயே ஏற்பட்டிருந்தது. 1871-இல் அரசினர் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. பொறுப்பேற்றவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த நர்ஸுகள். முதலில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவச்சிச் சான்று பெற்றிருந்த பெண்கள். அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. கிரிமியப் போர்க் காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் பணியாற்றி நைட்டிங்கேல் அம்மையாரை நேரில் அறிந்தவர். கவர்னராக வந்தபின்பும் அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அம்மையாரோ இந்திய மருத்துவமனைகளில் செவிலியர் முறை எவ்வாறு அமைய வேண்டும் என்று 1865-இலேயே எழுதிக்கொடுத்தவர். ஆனால் ஒருமுறையும் இந்நாட்டில் காலடி வைக்காதவர்.

அந்நிய நாட்டு மேட்ரன், மொழி தெரியாத நோயாளி, இடையே நிற்கும் இந்தியப் பெண் என்னும் இந்த அமைப்பை மனக்கண்ணால் பாருங்கள். வீட்டை விட்டு வெளியே வந்து, எல்லாச் சாதியார் உடலையும் தொட்டுத் துடைக்கும் பெண்ணை ஊர் ஏளனமாகப் பார்த்த காலம். அவளுடைய மானத்துக்குக் காவல் வேண்டியிருந்தது. விடுதிக்குப் பூட்டு, வெளியே செல்ல அனுமதிச் சீட்டு, பார்க்க வருவோருக்கு நேரம் என்று எல்லாம் வந்தன. இவற்றை இன்று இகழ்வது எளிது. அந்தப் பூட்டு இல்லாமல் அக்காலத்துத் தந்தை ஒருவர் தம் மகளை அனுப்பியிருப்பாரா என்பதையும் எண்ண வேண்டும். ஆனால் காவலுக்காக வந்த வழக்கம், காரணம் போனபின்னும் போகவில்லை.

பின்வந்த நிகழ்ச்சிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1905-இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கம் தோன்றியது. பயிற்சி பெற்ற செவிலியரின் சங்கம் தோன்றியது 1908-இல். மேற்பார்ப்பவர்கள் முதலிலும் பணிசெய்பவர்கள் பின்னும் கூடினார்கள் என்பது வேடிக்கையான செய்தி. 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. அதன்பின் யார் செவிலி, யார் அல்லள் என்பதைச் சொல்ல ஒரு பதிவேடு கிடைத்தது. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்நாட்டில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலிதான் உண்டு என்று கணக்கிட்டது. ஒருத்தியே 43,000 பேருக்கு என்னும்போது, அவளுக்குப் பின்னால் நின்று பார்க்க மற்றொருத்தி எங்கிருந்து வருவாள்?

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குப் பெருமை இல்லை.

1970-களின் பிற்பகுதியில் நான் ஒரு மருத்துவமனையில் இரண்டாம் ஆண்டு மாணவி. பிரசவ வார்டில் இரவு டியூட்டி. நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள். நான்கு மணிக்கொரு முறை உடல்வெப்பம் எடுத்துத் தாளில் புள்ளி வைத்துக் கோடிட வேண்டும். அன்றிரவு இரண்டு மணிக்கு ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு மிகுந்தது. ஓடி ஓடி வேலை செய்ததில் ஒரு வரிசை முழுவதுக்கும் வெப்பம் எடுக்கவில்லை. விடியுமுன் நினைவு வந்தது. காலையில் கண்காணிப்பாளர் வருவார். வெற்றிடம் இருந்தால் எல்லார் முன்னிலையிலும் வராந்தாவில் நிற்கவைப்பார், விடுமுறை பறிபோகும். நான் என்ன செய்தேன்? முந்தைய அளவைப் பார்த்து, அதை ஒட்டியே ஏழு தாள்களிலும் புள்ளி வைத்தேன். கோடுகள் நேராக வந்தன. கண்காணிப்பாளர் வந்தார், தாள்களைப் புரட்டினார், மற்ற மாணவியரை அழைத்து, “தாள் வைத்திருக்கும் அழகைப் பாருங்கள்” என்று என்னைப் புகழ்ந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த வரிசையில் ஒரு தாய்க்குக் குளிர்சுரம் கண்டு உடல் நடுங்கியது. பிரசவமாகி மூன்றாம் நாள். இரண்டு மணிக்கே எடுத்திருந்தால் சுரம் தெரிந்திருக்கலாம். மருந்து ஆறு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போயிருக்கலாம். அவள் மூன்று வாரம் கிடந்து பிழைத்தாள். அவளுடைய பச்சைக் குழந்தையை அந்நாட்களில் நான்தான் பெரும்பாலும் தூக்கிவைத்திருந்தேன். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

அக்கண்காணிப்பாளர் கொடியவர் அல்லர். நேர்மையும் உழைப்பும் மிக்கவர். தாளைப் பார்க்கப் பயின்றவர், பார்த்தார். அவருடைய அச்சம் என் கையில் பொய்யாக மாறியது, அவ்வளவே.

இரண்டாண்டுகள் கழித்து வேறு ஒரு மருத்துவமனையில், வார்டு ஸிஸ்டர் ஒருவரிடம் பணியாற்றினேன். இரவு டியூட்டி முடிந்ததும் அவர் என்னை உடனே போகவிடமாட்டார். ஒரு குவளை மோரைக் கொடுத்து, கால்மணி நேரம் உட்காரச் சொல்லி, “ராத்திரி எது உன்னைப் பயமுறுத்திற்று?” என்று கேட்பார். முதல் நாள் ஒன்றுமில்லை என்றேன். ஒரு வாரம் கழித்து, அந்த இரண்டாண்டுப் பழைய கதையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள், யாரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடத் தடுத்தது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த வாரமே தம் வார்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அவசர வேலையால் வெப்பம் எடுக்க இயலாவிட்டால், ‘எடுக்கப்படவில்லை’ என்று எழுதிக் காரணத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தவளுக்குத் தண்டனை இல்லை. அந்த வார்டின் தாள்கள் அதன்பின் அழகாக இருக்கவில்லை. ஆனால் அவற்றை நம்ப முடிந்தது.

என்னைப் போன்றவர்கள் பலர் இருந்தனர் என்பதைப் பின்னாளில் ஓர் ஆராய்ச்சியிலிருந்து அறிந்தேன். லண்டனிலுள்ள பெரிய போதனா மருத்துவமனை ஒன்றைப் பற்றி இசபெல் மென்சீஸ் என்னும் அம்மையார் எழுதி 1960-இல் வெளியிட்ட ஆய்வு அது. அங்கே மாணவியருள் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகிப்போயினர். ஏன் என்று ஆராய்ந்தார். நோயாளியின் வேதனையும் மரணமும் இளம் பெண்களின் உள்ளத்தில் எழுப்பும் அச்சத்தை எதிர்கொள்ள, மருத்துவமனை தன்னை அறியாமலே ஒரு மதில் கட்டியிருந்தது. ஒருத்தி ஒரே நோயாளியை முழுதும் பேணாதபடி வேலையைத் துண்டுதுண்டாக்கினார்கள். நோயாளியைப் பெயரால் அழைக்காமல் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறித்தார்கள். ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்க, அதை மூன்றாமவர் மீண்டும் சரிபார்த்தார். இத்தனை கண்கள் இருந்தும், அச்சத்தைக் கேட்க ஒரு செவி இல்லை. ஆகவே அச்சம் குறையவில்லை. நல்ல உள்ளம் படைத்தவர்களே பெரும்பாலும் விலகினார்கள் என்பது அவருடைய கருத்து.

மறுவழியும் இருந்தது என்பதற்கு வேலூர் சான்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலுடன் தொடங்கிய வைத்தியசாலைக்கு, 1909-இல் செவிலியர் பயிற்சியும் வந்து சேர்ந்தது. அதைத் தொடங்கி நடத்தியவர் டெலியா ஹௌட்டன் என்னும் நர்ஸ். 1946-இல் அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பு ஏற்பட்டது. அதே ஆண்டில் தில்லியிலும் ஏற்பட்டது. வேலூரின் தனிச் சிறப்பு, கல்லூரியில் பாடம் சொல்லும் ஆசிரியையே வார்டிலும் நோயாளியைப் பேணும் பொறுப்பை ஏற்றுக்கொள்வது. பாடம் ஓரிடம், பணி ஓரிடம் என்னும் பிளவு அங்கே குறைவு. மாணவிக்கு ஐயம் வந்தால், கேட்க வேண்டியவர் கைக்கெட்டும் தூரத்தில், தம் கையையும் நனைத்துக்கொண்டு நிற்கிறார். திருமுக்கூடல் ஆதுலசாலையின் நெருக்கம் ஓரளவு மீண்டும் கிடைத்தது போல் எனக்குத் தோன்றுகிறது. பெரிய மருத்துவமனைக்கு இது மிகுந்த செலவு வைக்கும் முறை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்திலேயே இந்த மாற்றம் கொள்கையாக வர மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 1986-இல் பிரிஜித் பிராக்டர் என்னும் அம்மையார், உளநல ஆலோசகர்களுக்காக, மேற்பார்வைக்கு மூன்று கடமைகளை வகுத்தார்: நெறி காத்தல், திறம் வளர்த்தல், உளம் தேற்றுதல். செவிலியர் இதை எடுத்துக்கொண்டனர். 1990-களில் அந்நாட்டு அரசும், செவிலியரின் பதிவு மன்றமும் இம்முறையை ஆதரித்தன. இது நிர்வாக அதிகாரம் செலுத்துவது அன்று, படிநிலையைக் காட்டுவதும் அன்று என்று 1996-இல் பதிவு மன்றம் தெளிவாக அறிவித்தது. நூறாண்டுக் காலம் முதற் கடமையை மட்டுமே செய்துவந்த மேற்பார்வைக்கு, மற்ற இரண்டும் அப்போதுதான் எழுத்தில் சேர்ந்தன. எழுத்தில் என்கிறேன், ஆள் பற்றாக்குறையால் அந்தக் கால்மணி நேரம் அங்கேயும் பல இடங்களில் கிட்டுவதில்லை.

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஒரு படிவரிசை உண்டு. ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம். அதில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர். அத்தகையோர் சிலருக்கு மேலே பகுதி சுகாதாரச் செவிலியர். அவருக்கு மேலே சமுதாய சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும், தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளின் வீடுகளுக்கும் இவர்கள் நடந்து செல்வதை நீங்கள் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். மேலேயுள்ளவர் சில நாட்களில் உடன் செல்கிறார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாயிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். திரும்பும் வழியில் தம் செவிலியிடம் பேசுகிறார். அந்த வழிநடைப் பேச்சில்தான் மேற்பார்வை உண்மையில் நிகழ்கிறது என்பது என் எண்ணம். பதிவேடுகள் பெருகிப் பெருகி அந்த நடை சுருங்கிவருவது எனக்குக் கவலை அளிக்கிறது. முன்பு பேரேடு, இப்போது கைப்பேசியில் கட்டங்கள். வார்ட்ரோப்பர் அம்மாளின் தாள் சாகவேயில்லை.

தொழிற்சாலையின் முதலுதவி அறையில் தனித்திருக்கும் பெண்ணோ இந்தப் படிவரிசையிலும் சேராதவள். மருத்துவமனை வார்டிலும் சேராதவள். அவளுக்கு மேலே இருப்பவர் பெரும்பாலும் பணியாளர் துறை அலுவலர் அல்லது பாதுகாப்பு அலுவலர். அவர்கள் தம் தொழிலில் வல்லவர்கள். கட்டுத்துணியை எண்ணத் தெரிந்தவர்கள். பனிக்கட்டியின்மேல் பையை வைத்தது சரியா என்று அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? ஆலையோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர் பகலில் வந்து போகிறார். இரவு இரண்டு மணி முழுவதும் அவளுடையது.

என் தங்கை மகள் அன்று என் வீட்டிலேயே உறங்கினாள். பிற்பகல் மூன்று மணிவரை எழவில்லை. எழுந்ததும், மறுபடியும் அதே விபத்து நேர்ந்தால் எதை மாற்றிச் செய்வாய் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள். ஆம்புலன்ஸ் வந்தபின்னரே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன், கட்டுப் போடும்போதே மற்றொருவரை விட்டுச் சொல்லச் செய்திருக்கலாம் என்றாள். அது நல்ல விடை. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கண்டாள். வேலையை விடுவதைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் மீண்டும் வந்தாள். அவளோடு வேறு ஆலைகளில் இரவுப்பணி செய்யும் பெண்கள் இருவர் வந்திருந்தனர். ஒருத்திக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். திண்ணையில் உட்காரச் சொல்லி, ஆளுக்கொரு குவளை மோர் கொடுத்தேன். சாலையில் ஷிப்டு பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சிறு பெண் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “போன மாசம் ஒருநாள் ராத்திரி, அம்மா...” என்று தொடங்கினாள்.